அடுப்பில் பாதி, சாற்றில் மீதி

ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பான ராமென் கிண்ணத்தில் இரண்டாக வெட்டி வைத்திருக்கும் அந்தப் பழுப்பு முட்டையை வீட்டில் செய்து பார்க்கலாம் என்று யார் தேடினாலும் முதலில் கையில் கிடைப்பது ஒரு எண்தான்: ஆறரை நிமிஷம். சிலர் ஆறே முக்கால் என்பார்கள், சிலர் ஏழு. வினாடிக் கணக்கில் சண்டை போடுகிறவர்களும் உண்டு. அந்த எண்ணைச் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முட்டை எத்தனை கிராம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததா வெளியே இருந்ததா, எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதைச் சொல்வதே இல்லை. எந்த ஊருக்கு என்று சொல்லாமல் ‘பஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடும்’ என்பதைப் போலத்தான் இது.

சரி, எண் எப்படியோ அமைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெட்டினால் மஞ்சள்கரு தேன் மாதிரி மெல்ல வழிகிறது. அதே பாத்திரத்தில் வெந்த இன்னொரு முட்டையை உரித்து, அதற்கு நிறமும் ருசியும் தரும் சோயா சாற்றில் ஒரு நாள் போட்டு எடுத்து வெட்டினால் அந்தத் தேன் இருப்பதில்லை. இறுகிய வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. உடனே ‘அதிகம் வெந்துவிட்டது போல, அடுத்த முறை அரை நிமிஷம் குறைக்கலாம்’ என்று கடிகாரத்தின் மீதே பழி விழும். என் கட்சி வேறு. இந்த முட்டைக்கு அடுப்பு இரண்டு. ஒன்றில் தீ உண்டு, இன்னொன்றில் கிடையாது. இரண்டாவதைக் கணக்கில் எடுக்காமல் முதலாவதன் நிமிஷத்தை என்னதான் நுணுக்கினாலும் நினைத்த பதம் வராது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். அஜித்சுகே தமாகோ என்றால் ருசி ஏற்றிய முட்டை. கடைகளில் சுருக்கி அஜிதமா என்பார்கள். நிதமாகோ என்ற பெயரும் புழங்குகிறது, அதற்குப் பொருள் சாற்றில் வெந்த முட்டை. முன்பெல்லாம் முழுதாக அவித்த முட்டையைப் பன்றி இறைச்சி வெந்த சோயா சாற்றிலேயே போட்டுக் கொதிக்கவிட்டு எடுப்பார்கள். உள்ளே மஞ்சள்கரு மாவாக உதிரும். மஞ்சள்கரு இளகி நிற்கும் வகையை ராமெனில் முதலில் வைத்தது 1992-இல் டோக்கியோவின் கசாய் பகுதியில் திறந்த சிபகியா என்ற கடை என்பது அந்த வட்டாரத்தில் பரவலாகச் சொல்லப்படுவது. இன்றைக்கு டோக்கியோவில் ராமென் கடைக்குள் நுழைந்ததும் டிக்கெட் இயந்திரத்தில் ‘அஜிதமா’ என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும். கூடுதல் முட்டைக்குக் கூடுதல் காசு. இளகிய பதத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஹன்ஜுகு. ‘ஹன்’ பாதி. ‘ஜுகு’ என்பது வேவதையும் பழுப்பதையும் குறிக்கும் எழுத்து, ஆகவே பாதி வெந்த முட்டை. ‘ஹாஃப் பாயில்’ என்று மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் நம் மெஸ்களில் அப்படிக் கேட்டால் கல்லில் ஒரு பக்கம் மட்டும் பொரித்த முட்டை மிளகுத்தூளோடு வந்து நிற்கும்.

முட்டை, தண்ணீர், கடிகாரம்

வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் ஒரே சூட்டில் இறுகுவதில்லை என்பதில்தான் எல்லா வித்தையும் இருக்கிறது. வெள்ளைக்கருவில் பல புரதங்கள். அவற்றில் ஒன்று 61, 62 டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும். பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் என்ற முக்கியப் புரதம் இறுக 80 டிகிரி பக்கம் வேண்டும். மஞ்சள்கரு 65-இல் தடிக்க ஆரம்பித்து 70-இல் கட்டியாகிவிடும். அதாவது வெள்ளைக்கரு கடைசியில்தான் நன்றாக இறுகும், மஞ்சள்கரு அதற்கு முன்பே கெட்டியாகிவிடும். ஜப்பானிலேயே வெந்நீர் ஊற்றுகளில் 70 டிகிரிக்குக் கீழே வைத்து எடுக்கும் ஒன்சென் தமாகோ இதனால்தான் தலைகீழாக இருக்கிறது: மஞ்சள்கரு நின்றிருக்கும், வெள்ளைக்கரு தயிர் மாதிரி குழைந்திருக்கும். நமக்கு வேண்டியது வெளியே உறுதி, உள்ளே இளக்கம். அதற்கு ஒரே வழி, வெளிப்புறத்தைக் கொதிநீரில் வேகமாகச் சூடேற்றி, அந்தச் சூடு நடுவுக்குப் போய்ச் சேருவதற்குள் நிறுத்திவிடுவது. குளிர்ந்த தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை மூட்டும் நம் வழக்கம் இதற்கு உதவாது. தண்ணீர் கொதிக்க எத்தனை நேரம் எடுக்கும் என்பது அடுப்புக்கு அடுப்பு மாறும். அதோடு மெல்லச் சூடேறிய முட்டையில் வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது பிய்ந்து வரும்.

எண்ணுக்கு வருவோம். ஜப்பானில் முட்டையை எடைபோட்டுத்தான் அட்டையில் அடுக்குகிறார்கள்: எம் என்றால் 58 முதல் 64 கிராம், எல் என்றால் 64 முதல் 70. அங்கிருந்து வரும் ஏழு நிமிஷம் இப்படியான முட்டைக்கு. நாமக்கல்லிலிருந்து நம் கடைகளுக்கு வரும் முட்டை பெரும்பாலும் 50, 55 கிராமில் நிற்கும். எடை குறைந்தால் நேரமும் குறையும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 62 கிராம் முட்டைக்கு ஏழு நிமிஷம் என்றால் 52 கிராமுக்கு ஆறே கால். பெரிய முட்டைக்குச் சொன்ன நேரத்தைச் சின்ன முட்டையில் வைத்துவிட்டு ‘மஞ்சள்கரு கட்டியாகிவிட்டது’ என்று புலம்புவதில் அர்த்தமில்லை. சமையலறைத் தராசில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்து, மூன்று கிராம் வித்தியாசத்துக்குள் இருப்பவற்றை மட்டும் ஒன்றாகப் போடுங்கள். ஒதுங்கியவை ஆம்லெட்டுக்கு.

அடுத்தது ஆரம்பச் சூடு. நம் ஊரில் முட்டை கடையிலும் வெளியே இருக்கும், வீட்டிலும் வெளியே இருக்கும். மே மாதம் 32 டிகிரியில் கிடந்த முட்டைக்கும் ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் இருந்த முட்டைக்கும் ஒன்று முதல் ஒன்றரை நிமிஷம் வரை வித்தியாசம் வரும். சித்திரைக்கு ஒரு கணக்கு, மார்கழிக்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வதைவிட முந்தைய இரவே முட்டையை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது சுலபம். மலை ஏறினால் இன்னொரு திருத்தம். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. பெங்களூரில் 97 டிகிரி. அரை நிமிஷம் கூட்டினால் சரி. ஊட்டியில் 93-ஐத் தாண்டாது. ஆறே கால் நிமிஷ முட்டைக்கு அங்கே ஏழரை வேண்டும்.

தண்ணீர் அளவில் கஞ்சம் பிடிப்பவர்கள் அதிகம். ஆறு முட்டைக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். ஒரு லிட்டரில் ஆறு குளிர்ந்த முட்டைகளை இறக்கினால் கொதி சட்டென்று அடங்கி, திரும்ப எழுவதற்குள் இரண்டு நிமிஷம் போய்விடும். அதை எண்ணுவதா விடுவதா என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முட்டைகளை ஜல்லிக்கரண்டியில் வைத்துத் தரை தொடும்வரை மெல்ல இறக்கவும். மேலிருந்து போட்டால் விரிசல் நிச்சயம். கடைசி முட்டை இறங்கியதும் கடிகாரத்தைத் தட்டவும். மறுபடி கொதி வந்ததும் தீயை நடுத்தரமாக்கவும். முட்டைகள் ஒன்றோடொன்று மோதிக் குதிக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நிமிஷம் கரண்டியால் ஒரே திசையில் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தால் மஞ்சள்கரு நடுவில் நிற்கும். கொழுப்பு அதிகம் என்பதால் மஞ்சள்கரு வெள்ளைக்கருவைவிட லேசு, சும்மா விட்டால் மேல் பக்கம் மிதந்து ஒதுங்கும். பழைய முட்டையில் வெள்ளைக்கரு நீர்த்திருப்பதால் இன்னும் சீக்கிரம் ஒதுங்கும். ஒதுங்கினால் ஒரு பக்கத்துச் சுவர் காகிதம் போல மெலிந்துவிடும், உரிக்கும்போது அங்கேதான் கிழியும்.

முட்டையின் அகன்ற முனையில் ஊசியால் ஒரு துளை போடுவது ஜப்பானிய வீடுகளில் சர்வசாதாரணம். நூறு யென் கடைகளில் இதற்கென்றே குமிழ் போன்ற ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். அந்த முனையில் ஒரு காற்றறை இருக்கிறது. சூட்டில் காற்று விரிந்து வெளியேறத் துளை இருந்தால் விரிசல் குறையும், வெந்த முட்டையின் அடியில் தட்டையான பள்ளம் விழாது. குண்டூசி போதும். வினிகர் ஊற்றுவது, உப்புப் போடுவது எல்லாம் விரிசல் வழியே கசியும் வெள்ளைக்கருவைச் சட்டென்று உறைய வைக்குமே தவிர ஓடு உரிவதற்கு உதவுவதாக எனக்குப் படவில்லை.

ஓடு உரிவது பெரும்பாலும் முட்டையின் வயதில் இருக்கிறது. கோழி இட்ட அன்றைக்கு வெள்ளைக்கருவின் பி.எச். எட்டுக்குக் கீழே. ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேற வெளியேற அது 9-ஐத் தாண்டும். அதன் பிறகுதான் வெள்ளைக்கரு சவ்வை விடும். ‘இன்றைக்கு இட்ட நாட்டுக்கோழி முட்டை’ என்று ஆசையாக வாங்கி வருவது இந்தச் சமையலுக்கு மட்டும் ஆகாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருந்த முட்டையே தோது.

நேரம் முடிந்ததும் ஐஸ் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் நம் ஊரில் அதுவே 30 டிகிரி இருக்கும். ஆறு முட்டைக்கு இரண்டு ட்ரே ஐஸ் கட்டியாவது வேண்டும். வெள்ளைக்கருவுக்குள் தேங்கிய சூடு, முட்டையை வெளியே எடுத்த பிறகும் உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவதற்குத்தான் இது. பத்து நிமிஷம் கழித்து எல்லாப் பக்கமும் மெல்லத் தட்டி, வலைபோல விரிசல் விழச் செய்து, தண்ணீருக்குள் வைத்தே அகன்ற முனையிலிருந்து உரிக்கவும். இந்தப் பதத்தில் முட்டை கையில் தளதளக்கும், கட்டைவிரல் அழுத்தினால் உள்ளே போய்விடும். நகத்தை விட்டுச் சவ்வைக் கண்டுபிடித்து, தேக்கரண்டியின் முதுகை உள்ளே நுழைத்துச் சுற்றி வருவது பாதுகாப்பு. உரித்த முட்டையில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் அதைச் சாற்றில் போடாதீர்கள். சாறு நேராக மஞ்சள்கருவைத் தொட்டுக் கரைத்துவிடும், மற்ற முட்டைகளும் கலங்கிய சாற்றில் ஊறும். உப்புத் தூவி அங்கேயே சாப்பிட்டுவிடலாம், சமைப்பவருக்கான கூலி.

சாறு, அதன் நிறம் சொல்லும் பொய்

இதை ‘ஊறல்’ என்று ஒரே சொல்லில் எழுதலாம்தான். நம் பக்கம் அந்தச் சொல்லுக்குப் போலீஸ் வரும் என்பதால் சாறு என்றே வைத்துக்கொள்கிறேன்.

வழக்கமான விகிதம்: சோயா சாஸ் ஒரு பங்கு, மிரின் என்ற இனிப்பான ஜப்பானிய அரிசி மது ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. ஆறு முட்டைக்கு 100 மிலி, 100 மிலி, 200 மிலி. மிரினில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கிறது, 40-க்கு மேல் சர்க்கரை. முதலில் மிரினை மட்டும் கொதிக்கவிட்டு இரண்டு நிமிஷத்தில் ஆல்கஹாலைப் போக்க வேண்டும், இல்லையென்றால் முட்டையில் ஒரு காரநெடி நிற்கும். பிறகு தண்ணீர், கடைசியாக சோயா சாஸ். ஓரத்தில் குமிழி வரும்போதே அணைத்துவிடுங்கள். சோயாவின் மணம் நீண்ட கொதியில் ஓடிவிடும். தண்ணீருக்குப் பதில் கொம்பு என்ற கடற்பாசியும் உலர்ந்த கட்சுஓ மீன் சீவலும் போட்டு எடுத்த தாஷி இருந்தால் நல்லது. மீன் வேண்டாதவர்கள் காய்ந்த ஷிடாகே காளான் இரண்டை இரவு முழுக்க ஊற வைத்த தண்ணீரைச் சேர்க்கலாம். மிரின் கிடைக்காத ஊரில் 100 மிலிக்குப் பதில் 80 மிலி தண்ணீர், 30 கிராம் சர்க்கரை. எள்ளும் பூண்டும் பச்சைமிளகாயும் போட்டால் அது கொரியாவின் மாயக் கேரான். பெயருக்கே போதை முட்டை என்று அர்த்தம், அதுவும் ருசிதான், ஆனால் வேறு பண்டம்.

சோயா சாஸ் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் இந்த நான்கோடு பட்டியல் முடிந்தால் அது மாதக்கணக்கில் நொதித்துப் பிழிந்த ஷோயு. அடர் வகையான கொய்குச்சியில் 100 மிலிக்கு 16 கிராம் பக்கம் உப்பு இருக்கும். மலிவாகக் கிடைக்கும் ‘டார்க்’ சோயா பலவற்றில் கேரமல் நிறமும் அசிட்டிக் அமிலமும் இருக்கும். ஃப்ரைட் ரைஸுக்கு நிறம் தர அது போதும். இங்கே தீயும் மசாலாவும் மறைப்பதற்கு இல்லை, அந்தப் புளிப்பும் கசப்பும் அப்படியே முட்டையில் உட்கார்ந்துவிடும்.

உரித்த முட்டையைச் சாற்றில் போட்ட இரண்டே மணி நேரத்தில் மேலே அழகான பழுப்பு ஏறிவிடும். ‘ஊறிவிட்டது’ என்று எடுத்துச் சாப்பிட்டால் மேல்தோலில் உப்பு, உள்ளே வெறும் அவித்த முட்டை. சோயாவுக்கு நிறம் தருபவை பெரிய மூலக்கூறுகள், வெள்ளைக்கருவின் வலைக்குள் புக முடியாமல் ஓரத்திலேயே தங்கிவிடும். உப்பும் சர்க்கரையும் ருசி தரும் குளுட்டமேட்டும் சின்னவை, அவை தொடர்ந்து உள்ளே நகரும். நகரும் வேகத்துக்கு ஒரு விதி இருக்கிறது: ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். மேலிருந்து மூன்று மில்லிமீட்டர் போக ஒரு மணி நேரம் எடுத்தால் ஆறு மில்லிமீட்டருக்கு நான்கு மணி நேரம். முழு நார்த்தங்காயில் உப்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பானை வாயைத் துணியால் கட்டிவிட்டுத் தினம் ஒருமுறை குலுக்கிவிட்டுப் போவதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை. கறுத்த முட்டை ருசியான முட்டை என்று நினைத்துத் தண்ணீர் கலக்காத சோயாவில் போடுகிறவர்களுக்கு நடப்பது என்னவென்றால், உள்ளே உப்பு போவதற்குள் வெளியே இருக்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, மேல் இரண்டு மில்லிமீட்டர் ரப்பராகிவிடும்.

ஆறு முட்டைகளைச் சாற்றில் இறக்கினால் அவை மிதக்கும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து சாறு முட்டையைவிடக் கனமாகிவிட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலைகளில் வட்டமாக வெள்ளைத் திட்டு விழும். மேலே ஒரு டிஷ்யூ காகிதத்தைப் போர்த்திவிட்டால் அது சாற்றை உறிஞ்சித் தலையையும் நனைத்துக்கொண்டே இருக்கும். ஜிப் வைத்த பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து மூடினால் பாதிச் சாறே போதும். எதுவானாலும் சாறு முழுக்க ஆறியிருக்க வேண்டும், உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். சூடான சாற்றில் போட்டால் இத்தனை பாடும் வீண்.

ஒரே பானை, ஆறு வெட்டு

கடிகாரத்தின் மீதிருந்த பழி எங்கே இடம் மாறுகிறது என்பதைக் காட்ட ஒரு சோதனை போதும். 52 கிராம் முட்டைகள் ஆறு, ஒரே பாத்திரம், ஒரே ஆறே கால் நிமிஷம், ஒரே 1:1:2 சாறு. வெட்டும் நேரம் மட்டும் வேறு.

சாற்றில் போடாமல் வெட்டும் முதல் முட்டையில் மஞ்சள்கருவின் ஓரம் மூன்று மில்லிமீட்டர் நின்றிருக்கும், நடு தட்டில் வழியும், நிறம் வெளிறிய மஞ்சள். ஆறு மணி நேரத்தில் வெட்டினால் வெள்ளைக்கருவில் மெல்லிய பழுப்பு வளையம் தெரியும். மஞ்சள்கரு ஏறக்குறைய முன்பு போலவே வழியும், ருசியில் சோயா இருப்பது வெளிப்புறத்தில் மட்டும். பன்னிரண்டு மணியில் வெள்ளைக்கரு முழுக்க ருசி ஏறியிருக்கும். மஞ்சள்கருவின் ஓரம் ஒரு ஆரஞ்சுக் கோடாக இருண்டு தடிக்கத் தொடங்கியிருக்கும், நடு தேன். இருபத்து நான்கு மணியில் நடு வழிவதில்லை. கத்தி போன தடத்தில் மெல்லச் சரிந்து நின்றுவிடும். அல்வா சட்டியை விட்டு இறங்குவதற்குச் சற்று முந்தைய பதம், விளிம்பு கண்ணாடி போல மினுங்கும். நாற்பத்தெட்டில் அது திரட்டுப்பால். கத்தியில் ஒட்டும், நிறம் அடர்ந்த ஆரஞ்சு, வெள்ளைக்கரு உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். எழுபத்திரண்டில் வெள்ளைக்கரு தோல் மாதிரி, மஞ்சள்கரு பல்லில் ஒட்டும்.

முதல் முட்டைக்கும் நான்காவது முட்டைக்கும் நடுவே ஒரு டிகிரி சூடுகூட ஏறவில்லை. எல்லாம் நடந்தது 5 டிகிரி ஃபிரிட்ஜுக்குள். மஞ்சள்கருவில் பாதிதான் தண்ணீர், மீதி கொழுப்பும் புரதமும். சுற்றியிருக்கும் வெள்ளைக்கருவில் உப்பும் சர்க்கரையும் ஏறியதும் மஞ்சள்கருவிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படுகிறது, உப்பு உள்ளே நுழைகிறது. தண்ணீர் குறையக் குறைய அது தானாகக் கெட்டிப்படும். பச்சை மஞ்சள்கருவை வெறும் சோயா சாஸில் ஒரு நாள் மிதக்கவிட்டு, ஜெல்லி பதத்தில் சோற்றின் மேல் வைத்துச் சாப்பிடும் வழக்கம் ஜப்பானில் உண்டு. அதில் தீயே கிடையாது. அதே வேலைதான் ஓடு உரித்த முட்டைக்குள்ளும் நடக்கிறது, வெள்ளைக்கரு நடுவில் நிற்பதால் கொஞ்சம் தாமதமாக.

ஆகவே எத்தனை நிமிஷம் என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது, எப்போது சாப்பிடப் போகிறோம் என்பது. மதியம் செய்து இரவே சாப்பிடுவதென்றால் சாற்றுக்கு வேலை செய்ய நேரமில்லை. 52 கிராம் முட்டையை ஆறே முக்கால் வரை வேகவிட்டு, இளக்கத்தை அடுப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நாளை இரவுக்கு என்றால் ஆறே கால். நாளை மறுநாள் விருந்து என்றால் ஆறு நிமிஷத்தில் எடுத்து, வெட்டினால் தண்ணீராக ஓடும் மஞ்சள்கருவோடு சாற்றுக்கு அனுப்பலாம். மீதியை அது பார்த்துக்கொள்ளும். ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்க வேண்டாம், மஞ்சள்கருவை ஒட்டிய வெள்ளைக்கரு வேகாமல் சளியாக நிற்கும், உரிப்பதற்குள் பாதி பிய்ந்துவிடும்.

இரண்டு நாள் திட்டத்துக்குச் சாற்றையும் மாற்ற வேண்டும். கணக்கு எளிது. 1:1:2 சாற்றில் 100 மிலி சோயா, அதாவது 16 கிராம் உப்பு. சாறு 400, உரித்த ஆறு முட்டை 280 கிராம், மொத்தம் 680. நாள்கணக்கில் விட்டுவிட்டால் உப்பு இரண்டு பக்கமும் சமமாகப் பரவி 2.3 சதவீதத்தை நோக்கிப் போகும். நாம் குடிக்கும் ரசத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இந்தச் சாற்றுக்கு ஒரு சரியான கணம் உண்டு, அதைத் தவறவிட்டால் கரிக்கும் என்பது இதனால்தான். அதற்குப் பதில் சோயா 50, மிரின் 50, தண்ணீர் அல்லது தாஷி 300 என்று வைத்தால் உப்பு 8 கிராம். எல்லாம் சமமானாலும் 1.2 சதவீதத்தில் நின்றுவிடும். மூன்றாம் நாள் காலையிலும் முட்டை கரிக்காது, வெளித்தோல் ரப்பராகாது. ஒரே குறை, நிறம் டீ கலரில்தான் நிற்கும், கடையில் பார்க்கும் கரும்பழுப்பு வராது. படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது பெரிய குறை. சாப்பிடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

நீர்த்த சாறு என்பதால் இதை ஊறுகாய் போல நினைத்துவிடக் கூடாது. இந்த உப்பு கிருமியைத் தடுக்காது. ஃபிரிட்ஜிலேயே இருக்க வேண்டும், மூன்று நாளில் தீர்க்க வேண்டும். ஜப்பானில் முட்டையைக் கழுவி, சோதித்து, பச்சையாகச் சாப்பிடுவதற்கான கெடு தேதியைப் பொதியில் அச்சிட்டு விற்கிறார்கள். அந்த ஏற்பாட்டின் மேல்தான் இளகிய மஞ்சள்கரு அங்கே தைரியமாக உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஓட்டில் அழுக்கோ விரிசலோ இல்லாத முட்டையாகப் பொறுக்கி, வேக வைப்பதற்குச் சற்று முன் கழுவிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் பங்கை மட்டும் பத்து நிமிஷம் வேக வைத்து அதே சாற்றில் போடலாம். ருசி ஏறும், இளக்கம்தான் இருக்காது.

மீந்த சாற்றில் முட்டையின் தண்ணீர் கலந்திருக்கும், உப்பும் இறங்கியிருக்கும். ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சோயா சேர்த்து, அடுத்த ஈட்டுக்கு இன்னும் ஒரு தடவை பயன்படுத்தலாம். அதற்கு மேல் இழுக்காமல் கத்திரிக்காய் வதக்கலிலோ நூடுல்ஸிலோ ஊற்றித் தீர்த்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை நேராகச் சூப்பில் வைத்தால் நடு சில்லென்று இருந்து கிண்ணத்தையே ஆற்றிவிடும். வெட்டாமல் முழுதாக, கை பொறுக்கும் வெந்நீரில் ஐந்து நிமிஷம் கிடத்தினால் போதும். மைக்ரோவேவில் வைக்கவே வேண்டாம், வெடிக்கும். வெட்டுவதற்குக் கத்தியைவிட நூல் மேல்; ராமென் கடைகளில் தூண்டில் நரம்பு வைத்திருப்பார்கள், வீட்டில் பூக்கட்டும் நூல் ஒரு முழம் போதும். நூலை முட்டையின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் எதிரெதிராக ஒரே இழுப்பில் இழுங்கள். மஞ்சள்கரு நசுங்காமல் இரண்டு பாதியும் கண்ணாடி மாதிரி திறக்கும். அடுத்த முட்டைக்கு முன்னால் நூலை ஈரத் துணியில் ஒருமுறை துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளைக்கருவில் மஞ்சள் கோடு விழும்.